அடங்கத் தெரிந்த ஆற்றல்

*சரீரத்தின் நோயெதிர்ப்பு தன் சொந்த அவயவங்களையே தாக்காதபடி தடுத்து நிறுத்துவது எது? அதற்கு விடை கண்ட மூவருக்கு 2025-ஆம் ஆண்டின் வைத்திய நோபெல் பரிசு கிடைத்திருக்கிறது. அந்த விடையால் நோயாளிக்கு என்ன கிடைக்கப் போகிறது?*

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கரடிகள் சஞ்சரிக்கும் மலைக்காடுகளினூடே மனைவியோடும் இரண்டு நாய்களோடும் பல நாட்களாக யாத்திரை செய்துகொண்டிருந்த பிரெட் ராம்ஸ்டெல் என்ற விஞ்ஞானி, உலகத்தின் சந்தடி எதுவும் தம்மை எட்டலாகாது என்று கைப்பேசித் தொடர்பை அடியோடு நிறுத்தி வைத்திருந்தார். 2025 அக்டோபர் 6-ஆம் தேதி, மொன்டானா மாநிலத்தில் ஒரு முகாமிடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, அவருடைய மனைவி திடீரென்று பெருங்குரலெடுத்துக் கத்தினார். கரடியைத்தான் கண்டுவிட்டார் என்று பதறித் திரும்பிய ராம்ஸ்டெல்லிடம், அவருக்கு நோபெல் பரிசு கிடைத்திருக்கிறது என்று அந்த அம்மையார் சொல்ல, அப்படி ஒன்றும் இல்லையே என்று அவர் மறுக்க, தம் கைப்பேசியில் வந்து குவிந்திருந்த இருநூறு வாழ்த்துச் செய்திகளைச் சொல்லி அவர் சாதித்த பிறகே நம்பிக்கை பிறந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து பரிசுக் குழுவினர் அதுவரை அவரைத் தேடிக்கொண்டே இருந்தனர்.

அதே நாள் விடிவதற்கு முன், சியாட்டில் நகரத்தில் மேரி பிரங்கோவின் கைப்பேசி ஒலித்தது. ஸ்வீடன் தேசத்து எண்ணைக் கண்ட அவர், எவரோ வீண் தொல்லை கொடுக்கிறார் என்று எண்ணி அதைப் பொருட்படுத்தாமல் மறுபடியும் உறங்கிவிட்டார். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, வீட்டு நாய் குரைத்து, அதன் பின்னரே விஷயம் விளங்கிற்று. மூன்றாமவரான ஷிமோன் சகாகுச்சி மாத்திரம், ஜப்பானில் தம்முடைய ஆராய்ச்சிக் கூடத்தில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் துரத்தி வந்த கேள்வியின் பக்கத்திலேயே இருந்தார்.

கொரோனாக் காலம் தொட்டு நம் வீடுகளில் ‘எதிர்ப்புச்சக்தி’ என்ற பேச்சு அடிபடாத நாளில்லை. அது கூடினால் க்ஷேமம், குறைந்தால் ஆபத்து என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு, ஏதோ களஞ்சியத்து நெல்லைப் போல அதை நாம் அளந்து வருகிறோம். இந்த மூவரின் ஆராய்ச்சியோ, அந்தச் சக்தியைக் கட்டி வைப்பதற்கென்றே சரீரம் ஒரு தனி உயிரணுக் கூட்டத்தைப் படைத்து, ஆயுள் முழுவதும் காவல் நிறுத்தியிருக்கிறது என்பதை நிரூபித்திருக்கிறது. அந்தக் காவல் தளரும்போது என்ன நேர்கிறது என்பதை, மூட்டுவாதத்தாலும், லூபஸாலும், சிறு பிராயத்திலேயே வரும் நீரிழிவாலும் வாடுகிற இலட்சோப இலட்சம் குடும்பங்கள் அறியும்.

### எர்லிக்கின் அச்சம்

இருபதாம் நூற்றாண்டின் வாசலில், ஜெர்மானிய மேதை பால் எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். அந்நிய ஆட்டின் இரத்தத்தை அழிக்கும் பொருள்களை அவை உண்டாக்கினவே தவிர, தம்முடைய சொந்த இரத்தத்தை அழிக்கும் பொருளை எந்த ஆடும் உண்டாக்கவில்லை. சரீரம் தன்னைத் தானே நச்சாக்கிக்கொள்ளப் பெரிதும் அஞ்சுகிறது என்று அவர் அதற்கு விளக்கம் கொடுத்தார். அவருடைய பெயருக்கு இருந்த மகிமையினால், அப்படிப்பட்ட நோய் உண்டாகவே முடியாது என்று பின்வந்தோர் நெடுங்காலம் நம்பிவிட்டனர். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடக்கும் ஒரு வியாதியை வர்ணித்தார். ஆயினும் அது சரீரத்தின் சொந்தக் கைவேலையே என்பது தெளிவானது 1956-இல்தான்.

1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர், பயனற்ற எச்சம் என்று கருதப்பட்டு வந்த தைமஸ் சுரப்பியே எதிர்ப்புச்சக்தியின் பாடசாலை என்பதைக் கண்டறிந்தார். அங்கே உருவாகும் டி செல்கள் பரீட்சிக்கப்படுகின்றன. சரீரத்தின் சொந்தப் பொருளைப் பகையென்று கருதுபவை அங்கேயே மாய்க்கப்படுகின்றன. அழகான ஏற்பாடுதான். எனினும் அந்தப் பரீட்சையில் பல செல்கள் தப்பிவிடுகின்றன. பூரண ஆரோக்கியத்தோடு நடமாடும் மனிதர்களின் இரத்தத்திலும், அவர்களுடைய சொந்த அவயவங்களைத் தாக்கவல்ல டி செல்கள் இருக்கின்றன. அப்படியிருக்க, நம்மில் பெரும்பாலோருக்கு ஏன் ஒன்றும் நேர்வதில்லை?

> தைமஸ்: சில குறிப்புகள்
> மார்பெலும்புக்குப் பின்னே, இருதயத்துக்குச் சற்று மேலே இருப்பது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, யௌவனத்துக்குப் பின் சுருங்கிக் கொழுப்பாக மாறிவருகிறது. டி செல்களின் பெயரிலுள்ள ‘டி’ என்ற எழுத்து இச்சுரப்பியின் பெயரிலிருந்து வந்தது.

### கைவிடப்பட்ட ஒரு கேள்வி

தாக்கும் டி செல்களோடு அடக்கும் டி செல்களும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் சகாகுச்சிக்கு முன்பே பிறந்ததுதான். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் ரிச்சர்ட் கெர்ஷோன் அதை முன்வைத்தபோது, எதிர்ப்பியல் உலகமே உற்சாகத்தோடு அதன் பின்னே ஓடியது. கட்டுரைகள் மலைபோல் குவிந்தன. ஒன்றையொன்று அடக்கும் செல்களின் சங்கிலிகள் காகிதத்தில் நீண்டுகொண்டே போயின. 1980-களின் தொடக்கத்தில், இந்தக் கொள்கைக்கெல்லாம் ஆதாரமாகக் கூறப்பட்ட மரபணு, அது இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் இல்லவே இல்லை என்பது மூலக்கூறு ஆராய்ச்சியால் அம்பலமாயிற்று. அதன் பின் அடக்கும் செல் என்று வாய் திறந்து சொல்வதே அவமானம் என்ற நிலை ஏற்பட்டது. பொய்த்துப்போன ஆதாரத்தோடு நியாயமான கேள்வியையும் சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். விஞ்ஞான சரித்திரத்தில் இத்தகைய அவசரங்கள் பல உண்டு என்றாலும், நோயாளிகளின் கண்கொண்டு பார்க்கும்போது இந்த அவசரம் நெஞ்சை உறுத்துகிறது.

சகாகுச்சியின் மனத்தைப் பிடித்துக்கொண்டது, நகோயா நகரத்தில் 1960-களின் இறுதியில் வேறு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஒரு பரீட்சை. பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் சுரப்பியை அகற்றிவிட்டால், எதிர்ப்புச்சக்தி நலிந்து போகும் என்று எதிர்பார்க்கப்பட்ட சுண்டெலிகளில், மாறாகச் சூலகங்கள் சிதைந்தன. எதிர்ப்புச்சக்தி வெறிகொண்டு சொந்தச் சரீரத்தையே குலைத்திருந்தது. ஏழு நாள் கழித்து அகற்றினால் அவ்விதம் நேர்வதில்லை. ஆகவே மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அந்தச் சுரப்பியிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு வந்து அமைதியை நிலைநாட்டுகிறது என்பது திண்ணம்.

அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று அவர் தேடத் தொடங்கினார். ஆரோக்கியமான எலியிலிருந்து எடுத்த முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினால் நோய் தடைப்படுகிறது என்று 1980-களின் ஆரம்பத்திலேயே காட்டினார். ஆனால் டி செல்களுள் எந்த வகை? அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நிலையான உத்தியோகமின்றி ஆராய்ச்சி நிலையம் விட்டு ஆராய்ச்சி நிலையம் மாறிய வருஷங்களிலும் அவர் இந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. 1995-இல் விடை வந்தது. செல்லின் மேற்பரப்பில் சிடி25 என்ற அடையாளத்தைத் தாங்கிய ஒரு சிறு பிரிவை நீக்கிவிட்டு, எஞ்சிய டி செல்களை மாத்திரம் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது, தைராய்டு, இரைப்பை, கணையம் என்று உறுப்பு உறுப்பாக அழற்சி கண்டது. நீக்கிய பிரிவையும் சேர்த்துச் செலுத்தியபோது எலிகள் சுகமாக இருந்தன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று இவற்றைக் குறிக்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் இவற்றுக்கு ‘டி-ரெக்’ என்பது செல்லப் பெயர். முரட்டுக் காளையை ஏருக்கு உதவச் செய்வது அதன் மூக்கணாங்கயிறு என்பதை நம் உழவர்கள் அறிவார்கள். சிடி4 என்ற வகை டி செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே உள்ள இந்தச் செல்கள் செய்வதும் அந்தக் காரியமே.

### ஓக் ரிட்ஜின் எலிகள்

இதற்கிடையே, முற்றிலும் வேறொரு வழியில் வேறு இருவர் அதே ரகசியத்தை நெருங்கிக்கொண்டிருந்தனர்.

அணுகுண்டு முயற்சியோடு தொடர்புகொண்ட டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில், கதிர்வீச்சின் விளைவுகளை அறிவதற்காக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுள், 1940-களின் இறுதியில் தற்செயலாக ஒரு விசித்திர வமிசம் தோன்றியது. அந்த வமிசத்தின் ஆண் குட்டிகளில் பாதி, செதில் செதிலாக உரியும் தோலோடும், வீங்கிய மண்ணீரலோடும், பருத்த நிணநீர்க் கணுக்களோடும், சில வாரங்கள் மாத்திரமே உயிர் வாழ்ந்து மடிந்தன. பெண் குட்டிகளுக்கு ஒன்றுமில்லை. அவற்றுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால், ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றொன்று காத்துவிடுகிறது. தோலின் தோற்றத்தைக் கொண்டு அந்த எலிகளுக்கு ‘ஸ்கர்ஃபி’ என்று பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தார்கள். சாகப் பிறந்த குட்டிகள் என்று அந்த வமிசத்தை அழியவிட்டிருந்தால் இன்றைய கதையே இல்லை.

1990-களில், சியாட்டிலுக்கு அருகே பாதெல் என்ற ஊரில் இருந்த செல்டெக் கைரோசயன்ஸ் என்ற மருந்துக் கம்பெனியில் பணிபுரிந்த பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும், இந்த எலிகளைக் கொல்லும் மரபணுவைக் கண்டுபிடித்தால் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு, அதாவது டாக்டர்கள் ‘ஆட்டோஇம்யூன்’ என்று குறிப்பிடுபவற்றுக்கு, மருந்து காண வழி பிறக்கும் என்று துணிந்தார்கள். மரபணு வரிசையை ஒரு பகலில் வாசித்துவிடும் இன்றைய கருவிகள் அப்போது இல்லை. எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி எழுத்துகள்; அவற்றுள் பழுது எங்கே என்று எல்லையைச் சுருக்கிச் சுருக்கி, ஏறத்தாழ 5 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு துண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் துண்டில் 20 மரபணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாக நல்ல எலியினுடையதோடு ஒப்பிட்டுக்கொண்டே போய், பத்தொன்பதையும் கழித்த பிறகு, இருபதாவதில், கடைசி மரபணுவில், இரண்டே இரண்டு எழுத்துகள் அதிகமாக நுழைந்திருப்பதைக் கண்டார்கள். அந்த இரண்டு எழுத்துகள் எலியின் ஆயுளையே முடித்துக்கொண்டிருந்தன. புதிய மரபணுவுக்கு ‘ஃபாக்ஸ்பி3’ என்று பெயர் வைத்தார்கள்.

மனிதரில் அதற்கு ஈடான வியாதி எது என்று தேடியபோது, ஐபெக்ஸ் என்று வழங்கும் அபூர்வமான குழந்தை நோய் முன்வந்து நின்றது. ஆண் சிசுக்களுக்கே வருவது அது. பிறந்த சில வாரங்களுக்குள் எதனாலும் நில்லாத பேதி, தோல் முழுவதும் கரப்பான், இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து நீரிழிவு, பல சமயங்களில் தைராய்டின் சேதமும்; பாலைக் குடித்தும் உடம்பு தேறாமல், இரண்டு வயதைக் காணுமுன்பே பல குழந்தைகள் மரித்துவிடும். அவர்களிடமும் அதே மரபணுவே பழுதுபட்டிருந்தது என்பது 2001-இல் வெளியாயிற்று. இரண்டே ஆண்டுகளில், சகாகுச்சியும், ராம்ஸ்டெல்லும், சியாட்டிலில் அலெக்ஸாண்டர் ருடென்ஸ்கியும் தனித்தனியே நடத்திய ஆராய்ச்சிகள், ஒழுங்குபடுத்தும் டி செல்களை அவ்விதமாக ஆக்குவதே ஃபாக்ஸ்பி3 மரபணுதான் என்று நிறுவின. இரண்டு நதிகளும் கலந்தன. எவரும் மறுக்க முடியாத உண்மையாக அடக்கும் செல் திரும்பி வந்தது.

### படுக்கையருகே என்ன மாறும்?

விடியற்காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், ஈரத்துணியைப் பிழிய முடியாமல், காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்து எடுக்கிற ஒரு மூட்டுவாத நோயாளியை நினைத்துப் பாருங்கள். வெந்நீரில் கையை வைத்திருந்து, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழிந்த பிறகே விரல்கள் சற்று இளகும். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். லூபஸ் நோயிலோ பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

இன்று அவர்களுக்குக் கிடைக்கும் மருந்துகளால் வாழ்வு பெற்றோர் அநேகர். அதை ஒருநாளும் குறைத்துச் சொல்லலாகாது. ஆயினும் அந்த மருந்துகளில் பெரும்பாலானவை எதிர்ப்புச்சக்தியைப் பரவலாகத் தணிப்பவை. குற்றவாளியையும் நிரபராதியையும் அவை பிரித்தறிவதில்லை. ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டால் முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் மூட்டுவாதத்தில் அற்புதமான பலனைத் தருகின்றன. ஆனால் நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அதே டி.என்.எஃப். ஆனபடியால், ஊசி போட்டதும் கிருமி விழித்துக்கொள்ளக் கூடும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர் என்ற நிலையில், இது நமக்கு ஏட்டுச் சங்கதியாக இருக்க முடியாது. ஊசி தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று நம் டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எதிர்ப்புச்சக்தி முழுவதையும் அடிக்காமல், தவறு செய்யும் பகுதியை மாத்திரம் அமைதிப்படுத்தச் சரீரத்துக்குச் சொந்தமான செல்களையே ஏவ முடியுமானால்? நோபெல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கும் நம்பிக்கை இதுவே. அது மூன்று வழிகளில் முயன்று பார்க்கப்படுகிறது.

எளிய வழி, இருக்கும் டி-ரெக் செல்களுக்குத் தீனி போடுவது. சகாகுச்சி கண்ட சிடி25 என்ற அடையாளம், இன்டர்லூகின்-2 என்ற வளர்ச்சிப் பொருளைப் பற்றிக்கொள்ளும் கருவியின் ஒரு பாகமாகும். டி-ரெக் செல்களில் அது எப்போதும் நிறைந்திருப்பதால், அந்தப் பொருளை மிகச் சொற்ப அளவில் செலுத்தினால், தாக்கும் செல்களை எட்டுமுன் இவையே அதை உண்டு பெருகுகின்றன. அதிக அளவில் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்ட அதே மருந்து, சொற்ப அளவில் எதிர்மாறான குணத்தைக் காட்டுகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வரும் கோளாறில் இதனால் பலன் கண்டதாக 2011-இலும், லூபஸ் நோயாளிகளிடம் பலன் கண்டதாகச் சீன மருத்துவர்களால் 2016-இலும் ஆராய்ச்சி அறிக்கைகள் வெளிவந்தன.

இரண்டாவது வழி, செல்களை வெளியே எடுத்துப் பெருக்குவது. நோயாளியின் இரத்தத்தை எடுத்து, டி-ரெக் செல்களைச் சலித்துப் பிரித்து, சுமார் இரண்டு வாரம் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். முதல் வகை நீரிழிவு தோன்றிச் சில காலமே ஆன 14 பேருக்கு அமெரிக்காவில் இவ்விதம் செய்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 50 இலட்சம் செல்களில் தொடங்கி 260 கோடி செல்கள் வரையில் கொடுத்தும் பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. செலுத்திய செல்களின் சுவடு ஒரு வருஷம் வரையில் இரத்தத்தில் தென்பட்டது. நீரிழிவை அது குணப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பல நாடுகளின் மருத்துவர்கள் கூடி நடத்தி 2020-இல் வெளியிட்ட பரிசோதனையில், இத்தகைய செல்களைப் பெற்றவர்களுக்கு அடக்கு மருந்துகளின் அளவைக் குறைக்க முடிந்தது. கிருமித் தொற்றுகளும் குறைந்தன. மாற்றிய உறுப்பைச் சரீரம் நிராகரிப்பது அதனால் கூடவில்லை.

மூன்றாவது வழிதான் இப்போது மிகுந்த பரபரப்பை உண்டாக்குவது: டி-ரெக் செல்லுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு புதிய முகவரியை எழுதி, கணையத்துக்கோ மூட்டுக்கோ நேரே போய் அங்கே மாத்திரம் அமைதி காக்கும்படி அனுப்புவது. ராம்ஸ்டெல்லும் சேர்ந்து நிறுவிய ஸோனோமா பயோதெரப்யூடிக்ஸ் என்ற கம்பெனி மூட்டுவாதத்துக்கு இம்முறையை மனிதரிடம் பரீட்சித்து வருகிறது. தடைகள் இல்லாமலில்லை. இந்தச் செல்கள் சொற்பமாகவே கிடைக்கின்றன. வளர்ப்பதற்குள் சில செல்கள் ஃபாக்ஸ்பி3-ஐ இழந்து, அடக்க வேண்டியவையே தாக்குபவையாக மாறிவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே செய்ய வேண்டியிருப்பதால் செலவோ தாங்க முடியாதது. ‘நாளைக்கே மூட்டுவாதத்துக்கு முடிவு’ என்று எவராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

> டி-ரெக் செல்கள் இல்லாவிடில்...
> தந்தையின் பாதிக் கூறுகளைக் கொண்ட கருவைத் தாயின் சரீரம் அந்நியமென்று தள்ளாமல் பொறுத்துக்கொள்வதில் இவற்றுக்குப் பங்குண்டு. இச்செல்கள் இல்லாத எலிகளில் அவ்விதக் கரு நிலைக்கவில்லை என்று 2004-இல் காட்டப்பட்டது.
> குடலில் வாழும் கோடானுகோடி நல்ல நுண்ணுயிர்களோடு சரீரம் சமாதானமாக இருப்பதும் இவற்றால்தான். அந்த நுண்ணுயிர்களில் சில இனங்கள், டி-ரெக் செல்களைத் தாமே பெருக்குவதாக 2011-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர்.

### புற்றுநோய்க்குக் கிடைத்த கவசம்

அடக்கம் எல்லா இடத்திலும் நன்மையாகிவிடுவதில்லை. புற்றுநோய்க் கட்டி, நம் சரீரத்தின் செல்களிலிருந்தே தோன்றியதாகையால், இந்த அமைதிக் காவலர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவற்றின் மறைவில் வளர்கிறது. சிடி25 செல்களை நீக்கினால் எலியின் சரீரம் கட்டியை எதிர்த்து அழிக்கிறது என்று சகாகுச்சியே 1999-இல் காட்டினார். சூலகப் புற்றில் டி-ரெக் செல்கள் மிகுதியாகப் புகுந்திருந்த நோயாளிகளின் ஆயுள் குறைவாக இருந்ததாக 2004-இல் தெரியவந்தது.

ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபெல் பரிசு வாங்கித் தந்த தடைநீக்கு மருந்துகள், எதிர்ப்புச்சக்தியின் கட்டுகளை அவிழ்த்துவிட்டுக் கட்டியை அழிக்கச் செய்பவை. பரவிவிட்ட மெலனோமா என்ற தோல் புற்றுக்காரர்கள் பலர் அவற்றால் பல்லாண்டு வாழ்கிறார்கள். அந்தக் கட்டு அவிழ்வதற்கு விலையும் உண்டு. சிலருக்குக் குடல் அழற்சியும், சிலருக்குத் தைராய்டு நாசமும், அபூர்வமாக இருதயத் தசையின் அழற்சியும் நேர்கின்றன. 2018-ஆம் ஆண்டின் பரிசையும் 2025-ஆம் ஆண்டின் பரிசையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஒரே கயிற்றை ஒருவர் தளர்த்தவும் மற்றவர் இறுக்கவும் முயல்வது தெரியும். டி-ரெக் செல்களைக் கட்டிக்குள் மாத்திரம் ஒழித்து, மற்ற இடங்களில் விட்டுவைக்கும் மருந்துகளுக்கான தேடல் இன்று மும்முரமாக நடப்பதும் இதனால்தான்.

### பரிசுக்கு வெளியே நின்றவர்

நோபெல் பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை. 2017-இல் ஸ்வீடனின் கிராஃபோர்டு பரிசு இதே ஆராய்ச்சிக்காகச் சகாகுச்சி, ராம்ஸ்டெல், ருடென்ஸ்கி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. நோபெலில் ருடென்ஸ்கியின் இடத்தில் பிரங்கோ இருக்கிறார். ருடென்ஸ்கியின் தொண்டு பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராகவோ பேராசிரியராகவோ இல்லாமல், ஒரு கம்பெனியின் விஞ்ஞானியாக, அந்த இருபது மரபணுக்களை ஒவ்வொன்றாக அலசிய பெண்மணியின் பெயரைப் பரிசுக் குழுவினர் மறக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த திருப்தியைத் தருகிறது.

அமெரிக்க அரசு, தன் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்களுக்கான நிதியை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்க முன்மொழிந்த அதே 2025-ஆம் ஆண்டில் இந்தப் பரிசு அறிவிக்கப்பட்டது. நிலையான வேலையின்றி ஒரு ஜப்பானியர் அலைந்ததும், யாருக்கும் பயன்படாதென்று தோன்றிய எலி வமிசத்தை அரசாங்கக் கூடம் ஒன்று அரை நூற்றாண்டு பேணியதும் சேர்ந்தே இந்தக் கண்டுபிடிப்பு பிறந்தது என்பதை, நிதிக் கணக்கை வெட்டுகிறவர்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

### நம் கடைகளிலும் நம் மருத்துவமனைகளிலும்

எதிர்ப்புச்சக்தியைப் பன்மடங்கு பெருக்குவதாகச் சொல்லிப் பொடியும் பானமும் மாத்திரையும் விற்கிறவர்கள், எந்தச் செல்லை, எந்த உறுப்பில், எவ்வளவு பெருக்குகிறார்கள் என்று ஒருநாளும் சொல்வதில்லை. உண்மையிலேயே ஒரு பொருள் எல்லா டி செல்களையும் தூண்டிவிடுமானால், அதை ஒரு லூபஸ் நோயாளியிடம் கொடுப்பது துரோகம். தடுப்பூசி வேறு விஷயம். அது ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. தைராய்டு, மூட்டுவாதம், வெண்புள்ளி, சொரியாஸிஸ், லூபஸ் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள், இத்தகைய பொடி எதையும் வாயில் போடுமுன் புட்டியோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நலம்.

செல் வைத்தியம் நமக்கு எட்டாக் கனி என்று எண்ணவும் வேண்டியதில்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகர மருத்துவர் கியோர்க் ஷெட்டும் அவருடைய குழுவினரும், நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்து, சிடி19 என்ற அடையாளமுள்ள பி செல்கள் என்ற மற்றொரு வெள்ளணு வகையைத் துடைத்தெறியச் செய்து, வேறெந்த மருந்துக்கும் மசியாத கடும் லூபஸைத் தணித்திருக்கிறார்கள். 2024-இல் அவர்கள் வெளியிட்ட 15 நோயாளிகளின் விவரத்தில், லூபஸ் கண்ட 8 பேரும் அடக்கு மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நோய்க்குறியின்றி இருந்தார்கள். இது டி-ரெக் சிகிச்சையன்று. ஆனால் செல்லை எடுப்பதும், மாற்றுவதும், வளர்ப்பதும், திரும்பக் கொடுப்பதுமாகிய கைத்தேர்ச்சி ஏறக்குறைய ஒன்றே.

அந்தத் தேர்ச்சி இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு, இரத்தப் புற்று வகைகள் சிலவற்றுக்காக 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது; அயல்நாடுகளில் ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு அது கொடுக்கப்படுகிறது. அதன் இலக்கும் சிடி19 அடையாளமே. ஷெட்டின் நோயாளிகளை ஒத்த லூபஸ் பெண்கள் நம் அரசு மருத்துவமனைகளில் சிறுநீரகம் பழுதுபட்டுப் படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் இந்தச் சிகிச்சையை முறையாகப் பரீட்சிக்கவும், பின்னர் டி-ரெக் செல்களை வளர்க்கும் கூடங்களாக அதே இடங்களை விரிக்கவும், மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் இந்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.